பீஸ் கட்டையும் பாஸ்வேர்டும்

விருத்தாசலம் வட்டாரத்தில் மோட்டார் வைத்திருந்த பழைய ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் மோட்டாரை நிறுத்துவார்கள். மெயின் சுவிட்சை இறக்குவார்கள். பிறகு மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி, துண்டு முனையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். மோட்டார் கொட்டகைக்குக் கதவு இருக்காது. கதவு இருந்தாலும் பூட்டு இருக்காது. ஆனால் பீஸ் கட்டை இல்லாத போர்டில் யார் வந்து எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைதான் பூட்டு. அதுவேதான் சாவியும்.

அந்தக் கட்டையைச் செய்கிற ஊரும் விருத்தாசலம்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. அந்த மண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் வந்தன. ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, பொம்மை என்று எத்தனையோ பொருள்கள் இங்கிருந்து போயின. வீட்டு மின்சாரப் பெட்டியிலும் வயல் மோட்டார் போர்டிலும் மாட்டுகிற பீஸ் கட்டையும் அவற்றில் ஒன்று. களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, மெருகு பூசி, 1,200 டிகிரி செல்சியசுக்கும் மேலான சூட்டில் வேகவைத்தால் மின்சாரம் கடக்காத கட்டை கிடைக்கும்.

அப்படிப்பட்ட சூளைகளில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு விவசாயத்துக்குத் திரும்பியவர் அந்தப் பெரியவர். இரண்டரை ஏக்கர் செம்மண் கொல்லை. ஒரு பக்கம் முந்திரி, மறுபக்கம் மல்லாட்டை, கீழ்ப்புறம் கொஞ்சம் நெல். ஒரே ஒரு போர், அதில் ஒரு நீர்மூழ்கி மோட்டார். வீட்டிலிருந்து கொல்லைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஊரில் பெரியவரும் அவர் மனைவியும், பக்கத்துத் தெருவில் மகளும், பதினோராம் வகுப்பு படிக்கும் பேத்தியும்.

மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் அவர் நடந்த நடை கொஞ்சமல்ல. இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்கோடு கிளம்புவார். வரப்பில் பாம்பு கிடக்கும், பன்றி குறுக்கே ஓடும். போய்ச் சேர்ந்தால் மின்சாரம் இருக்காது. "இந்த வயசுல இது வேணாம்ப்பா" என்று மகன்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கருவி வந்த கதையிலும் ஒரு தாத்தா இருக்கிறார். தன் தாத்தா வயதான காலத்தில் இரவு நேரத்தில் மோட்டார் போட நெடுந்தூரம் நடந்ததைப் பார்த்தவர் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால். 1990-களில் அதற்கு ஒரு வழி தேடத் தொடங்கினார். அவர் உருவாக்கிய 'நானோ கணேஷ்' கருவி 2009-ல் நோக்கியா நிறுவனம் நடத்திய உலகளாவிய போட்டியில் பரிசு பெற்றது. இன்று பல நிறுவனங்கள் இதைப் போன்ற பெட்டிகளைச் செய்கின்றன. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் இவற்றுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது.

பெட்டி செய்யும் இரண்டு வேலைகள்

பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். பதிவு செய்த செல்போனிலிருந்து அழைத்தோ, குறுஞ்செய்தி அனுப்பியோ மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மறுபக்கம், பெட்டியே நமக்குச் சேதி அனுப்பும். மும்முனை மின்சாரம் வந்தது, ஒரு முனை போனது, வோல்டேஜ் குறைவு, போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடுகிறது என்று வரிசையாகச் சொல்லும்.

அதாவது பார்ப்பது ஒரு வேலை, இயக்குவது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பெரும்பாலானோர் நினைத்துவிடுகிறார்கள். பெரியவர் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பெட்டியை மாட்ட வந்த பையன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தான். "வீட்டு ஆம்பளைங்க நம்பர் சொல்லுங்க ஐயா" என்றான். பெரியவர் தன் எண்ணையும் மகன் எண்ணையும் சொன்னார். "பாஸ்வேர்டு 1234. மறக்காம வச்சுக்கங்க" என்று சொல்லி, மறந்துவிடக் கூடாதே என்று கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதியும் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து பெரியவர் பீஸ் கட்டையைப் பிடுங்குவதை விட்டுவிட்டார். பிடுங்கினால் வீட்டிலிருந்து மோட்டார் போட முடியாதே!

சில நாள் கழித்து டீக்கடையில் பேச்சு வந்தது. அதே கடையில் பெட்டி வாங்கியவர்கள் அங்கே நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் பாஸ்வேர்டு 1234. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் எல்லா வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் அதற்குப் பூட்டு என்று பெயரா என்று கேட்டார்.

1111-ஆல் வந்த வினை

அவர் கேட்டது வீண் கேள்வி அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே குடிநீரை மேட்டுப் பகுதிக்கு ஏற்றும் பம்ப் நிலையத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. 2023 நவம்பர் 25 அன்று அந்தக் கருவிக்குள் இணையம் வழியாக வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். நல்லவேளையாக ஊழியர்கள் உடனே அதை நிறுத்திவிட்டு, பம்புகளைக் கையால் இயக்கிச் சமாளித்தார்கள். பிறகு அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்பு அந்த வகைக் கருவி வைத்திருப்போருக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கருவியில் இருக்கும் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்றது. அந்தப் பாஸ்வேர்டு 1111.

இதற்கும் முன்னால், 2000-ம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்ற பகுதியில் ஒன்று நடந்தது. அங்கே கழிவுநீர் பம்ப் நிலையங்களை ரேடியோ அலை வழியாகத் தூரத்திலிருந்து இயக்கும் அமைப்பு இருந்தது. அதைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு விலகிய ஒருவர், உள்ளாட்சியில் கேட்ட வேலை கிடைக்காத கோபத்தில், காரில் ரேடியோவையும் கணினியையும் வைத்துக்கொண்டு பம்புகளைத் தாறுமாறாக இயக்கினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் பாய்ந்தது. அவருக்கு 2001-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் அந்நியர் அல்ல, உள்ளே வேலை பார்த்தவர். வேலையை விட்டுப் போன ஆளுக்கும் கதவு திறந்தே இருந்ததுதான் அங்கே நடந்த கோளாறு.

பம்ப் நிலையத்துக்கு நடந்தது நம் போருக்கும் நடக்கலாம். யாரோ ஒருவர் விளையாட்டாக இரவில் மோட்டாரைப் போட்டுவிட்டால் மல்லாட்டைக் கொல்லையில் தண்ணீர் தேங்கும். போர் வற்றி, வறண்டு ஓடினால் காயில் கருகும். மோட்டாரை மேலே தூக்க, காயில் கட்ட, மறுபடி இறக்க என்று சிறு விவசாயிக்கு ஒரு போக வருமானம் போய்விடும்.

பெரியவர் சுவரில் இருந்த கரி எழுத்தைச் சாணி போட்டு மெழுகினார். பேத்தியைக் கூப்பிட்டு, பெட்டியோடு வந்த கையேட்டைப் படிக்கச் சொல்லி, அன்றே எண்ணை மாற்றினார். நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 எண்கள்தான் உண்டு, ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் என்று பேத்தி கணக்குச் சொன்னாள். பெட்டி ஆறு இலக்கம் ஏற்றுக்கொண்டது. பிறந்த வருடம், வண்டி எண், செல்போனின் கடைசி எண்கள் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள் அவை.

இனிக் கவலை இல்லை என்று அன்று இரவு நிம்மதியாகப் படுத்தார்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும்...

அடுத்த மாதமே அந்த நிம்மதி போனது. போர் வாயில் கேபிள் இணைப்பு பழுதாகி, வயர்மேனைக் கூப்பிட்டிருந்தார். காலை பத்து மணி. மின்சாரம் இல்லை. "கரண்ட்டுதான் இல்லையே மாமா" என்று வயர்மேன் நேராகப் போர் வாய்க்குப் போய் உட்கார்ந்தார். மெயினை யாரும் இறக்கவில்லை. பீஸ் கட்டையை யாரும் பிடுங்கவில்லை. பெரியவரின் செல்போன் சார்ஜ் போட்டபடி வீட்டில் இருந்தது.

வயர்மேன் பழைய இணைப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, டேப் எடுக்க வண்டிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. பெட்டி தன் கடமையைச் செய்தது. திருப்பூரில் தையல் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே மகனுக்குக் குறுஞ்செய்தி போனது: மும்முனை மின்சாரம் உள்ளது, மோட்டார் ஓடவில்லை. அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்த மகன் அங்கிருந்தே மோட்டாரைப் போட்டார்.

கொட்டகை வாசலில் கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தார் பெரியவரின் மனைவி. உள்ளே 'டக்' என்று ஸ்டார்ட்டர் ஒட்டுகிற சத்தம். போர் வாயில் அவிழ்ந்து கிடந்த கேபிள் முனையில் சடசடவென்று பொறி. அந்த அம்மா தூக்கைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வயர்மேன் டேப்போடு திரும்பி வந்துகொண்டிருந்தார். இன்னும் பத்து எட்டுதான். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாதான் பேசினார். "அவன் அங்கேர்ந்து போடுறான். நீங்க வீட்டுலேர்ந்து போடுறீங்க. இங்க நிக்கிறது நானு. மடை உடைஞ்சாலும் நான்தான் கட்டுறேன். என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

இங்கே திருடன் இல்லை. போலி அழைப்பு இல்லை. சரியான எண்ணிலிருந்து, உரிமை உள்ள மகன், நல்ல எண்ணத்தோடு போட்ட மோட்டார் அது. பாஸ்வேர்டு வெளியாளைத் தடுக்கும். வீட்டாள் அறியாமல் செய்வதை அது தடுக்காது. அதைத் தடுக்க வேண்டுமானால், யாருக்கு எந்த உரிமை என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.

யார் பார்க்கலாம், யார் போடலாம்

அன்று மாலை பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டாள். ஒன்று 'பார்க்க', இன்னொன்று 'போட'. கொல்லையில் நிற்கிறவர் யாரோ அவருக்கே போடுகிற உரிமை என்று முடிவானது. ஆகவே 'போட' என்ற பத்தியில் முதல் பெயர் பாட்டி, அடுத்தது தாத்தா. மகன் பெயர் 'பார்க்க' பத்திக்குப் போனது. அந்தப் பெட்டியில் சேதி மட்டும் பெறும் எண்களைத் தனியாகப் பதிவு செய்ய வழி இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த அதை அதுவரை யாரும் படித்ததில்லை.

பாட்டியிடம் இருந்தது பட்டன் போன்தான். அதுவே போதும். பெட்டிக்கு அழைத்து, குரல் கேட்டதும் ரகசிய எண்ணை அடித்து, பிறகு போட ஓர் எண், நிறுத்த ஓர் எண். இரண்டு நாளில் பழகிவிட்டது.

ரகசிய எண் கேட்காமல், பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தாலே மோட்டாரைப் போடும் பெட்டிகளும் உண்டு. வசதிதான். ஆனால் வேறொருவர் எண்ணிலிருந்து அழைப்பதுபோலப் போலியாகக் காட்ட ஏமாற்றுக்காரர்களுக்கு வழி இருக்கிறது. செல்போன் தொலைந்தாலும் எடுத்தவர் கையில் மோட்டார் போய்விடும். ஆகவே அழைக்கும் எண், ரகசிய எண் இரண்டையும் பார்க்கிற பெட்டியே மேல்.

சிம் கார்டையும் கவனித்தார்கள். பெட்டிக்குள் இருந்த சிம் கடைக்காரரின் பெயரில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, பெரியவர் தன் பெயரில் ஒன்று வாங்கிப் போட்டார். பெட்டியில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் நினைவு வராது. தேதி தாண்டினால் சேவை நிற்கும், தொடர்ந்து விட்டால் எண்ணே முடங்கும். அப்படி முடங்கிய எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது தொலைத்தொடர்புத் துறையின் நடைமுறை. வீட்டில் யாராவது பழைய எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கினாலும் இதே ஆபத்துதான். பழைய எண் பெட்டியின் பதிவில் இருக்க, அது எங்கோ ஒரு முகம் தெரியாதவர் கையில் இருக்கும். எண் மாறிய அன்றே பெட்டியிலிருந்தும் பழையதை நீக்கிவிட வேண்டும்.

குறுஞ்செய்தி வழியாகப் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், அனுப்பிய அந்தச் செய்தி செல்போனிலேயே கிடக்கும். அதை அழிக்க மறக்கக் கூடாது. செயலி வழியாக இயங்கும் பெட்டி என்றால், உள்நுழைய வரும் ஓ.டி.பி.-யை யாருக்கும் சொல்லக் கூடாது. 'பெட்டி கம்பெனியிலிருந்து பேசுகிறோம்' என்று யாராவது கேட்டாலும் சொல்லக் கூடாது. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

பெரியவரின் பக்கத்துக் கொல்லைக்காரர் பெட்டி வாங்கக் கிளம்பியபோது, பேத்தி தன் நோட்டிலிருந்து எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பெட்டி வாங்கப் போகும் யாருக்கும் உதவும்.

1. பாஸ்வேர்டை நாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா? எத்தனை இலக்கம் வரை வைக்கலாம்?

2. தவறான எண்ணைப் பலமுறை அடித்தால் பெட்டி கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளுமா? எங்களுக்குச் சேதி வருமா?

3. சேதி மட்டும் பெறுகிற எண், மோட்டாரைப் போடுகிற எண் என்று தனித்தனியாகப் பதிவு செய்யலாமா?

4. யார் எண்ணிலிருந்து மோட்டார் போடப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியவருமா?

5. பெட்டியை மாட்டிய பிறகு உங்கள் எண் அதில் இருக்குமா? இருந்தால் எங்கள் கண் முன்னால் நீக்கிக் கொடுப்பீர்களா?

6. பெட்டியைத் துண்டித்துவிட்டு கையால் மட்டும் இயக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நாணயமான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வயர்மேனோ, குத்தகைக்குப் பயிர் வைத்தவரோ மாறினாலும் அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுவது இருவருக்கும் நல்லது. நாளை ஏதாவது நடந்தால் அவர்மேல் சந்தேகம் விழாது.

கடைசிப் பூட்டு

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதியைப் பாட்டி வைத்தார். மோட்டாரிலோ, கேபிளிலோ, போர்டிலோ யார் கை வைப்பதாக இருந்தாலும், மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. முதலில் பெட்டியின் சுவிட்சைக் கையால் இயக்கும் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு மெயினை இறக்க வேண்டும். அதன் பிறகு மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி, வேலை செய்கிறவரின் சட்டைப் பையிலேயே போட வேண்டும். வேலையை முடித்து அவரே எடுத்துக் கொடுத்தால்தான் மாட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் பிடுங்கினால் போதாது. மீதி இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கும். தொட்டால் ஆபத்து, மோட்டார் ஓட முயன்றால் உறுமிக் காயில் கருகும். பீஸ் கட்டைக்குப் பதிலாக எம்.சி.பி. வைத்திருப்பவர்கள் அதை இறக்கி, யாரும் ஏற்றாதபடி டேப் சுற்றிவிட்டு, அருகில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி 'ஆட்டோ' வைத்திருக்கும் சாதாரண ஸ்டார்ட்டருக்கும் இதே விதிதான். அங்கே தூரத்தில் ஒரு மகன்கூடத் தேவையில்லை, மின்சாரமே போட்டுவிடும்.

மகனுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். பெட்டி வாங்கிக் கொடுத்தவரிடமிருந்தே மோட்டார் போடும் உரிமையைப் பிடுங்கிவிட்டார்களே! ஆனால் நடந்ததைக் கேட்ட பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் திருப்பூரில் அவருக்குச் சேதி வருகிறது. மின்சாரம் வந்து அரை மணி நேரமாகியும் மோட்டார் ஓடவில்லை என்றால் அம்மாவுக்குப் போன் அடிக்கிறார். "ஏம்மா, இன்னும் போடலயா?" என்று கேட்கிறார். "கீழ் மடை ஈரமாத்தான்டா இருக்கு, சாயங்காலம் போட்டா போதும்" என்று பதில் வருகிறது. எந்த மடையில் எவ்வளவு ஈரம் என்று அந்தப் பெட்டியால் சொல்ல முடியாது.

பேத்தியின் நோட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, ஆடிப்பெருக்குக்கும் தைப்பொங்கலுக்கும், பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். புது எண் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஆடிப்பெருக்கு அன்று பாட்டியே தன் பட்டன் போனில் மாற்றிவிட்டார், பேத்தியிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்தது பொங்கலுக்கு.